நம் தெருவுக்குள் ஒரு காப்பகம்



வீடற்றோர் காப்பகங்களும் அக்கம்பக்கத்தாரின் பாதுகாப்பும் என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். இதைப் பேச வருகிறவர்கள் வழக்கமாக இரண்டு பாதைகளில் ஒன்றைப் பிடித்துக்கொள்வார்கள். பயப்படுகிறவர்களைப் பார்த்து 'உங்கள் நெஞ்சில் ஈரமே இல்லையா' என்று கேட்பது ஒரு பாதை. காப்பகம் என்றாலே களவும் கஞ்சாவும்தான் என்று முழங்கிக் கைதட்டல் வாங்குவது இன்னொரு பாதை. இரண்டிலும் நான் போகப்போவதில்லை. பயப்படுகிற உங்களோடு பேசவே வந்திருக்கிறேன். உங்கள் பயத்துக்கு மதிப்புக் கொடுத்துத்தான் பேசப்போகிறேன்.

அந்தப் பயம் எப்படித் தொடங்குகிறது? தெருமுனையில் பல வருடங்களாகப் பூட்டிக் கிடக்கும் மாநகராட்சிக் கட்டடத்துக்கு ஒருநாள் வெள்ளையடிக்க ஆள் வருகிறது. எதற்கு என்று கேட்டால் வேலை செய்கிறவருக்கும் தெரியவில்லை. இரண்டே நாளில் குடியிருப்போர் நலச் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்துவிடுகிறது: 'வீடில்லாதவங்களுக்குக் காப்பகம் வரப்போகுதாம்.' அவ்வளவுதான். 'டியூஷன் முடிஞ்சு பொண்ணு எட்டரைக்கு அந்த வழியாத்தானே சார் வரும்?' 'எங்க அப்பாவும் அம்மாவும் கீழ்வீட்டுல தனியா இருக்காங்க.' 'குடிச்சுட்டு வந்து வாசல்ல விழுந்து கிடப்பாங்க.' 'மாடிப் போர்ஷனுக்கு இனிமே யாரு வாடகைக்கு வருவா?' மறுநாள் காலையில் கவுன்சிலர் வீட்டு வாசலில் மனுவோடு கூட்டம் நிற்கிறது.

இந்தக் குரல்களில் எதைப் பொய் என்று தள்ளுவீர்கள்? மகள் வீடு வந்து சேரும்வரை வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாயைக் குற்றவாளியாக்க எனக்கு மனம் வராது. இன்னொன்றும் சொல்கிறேன். முன்கூட்டியே வந்து யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்கிற கோபம் அந்த மனுவின் ஒவ்வொரு வரியிலும் இருக்கிறது. இரவோடு இரவாகப் பெயர்ப்பலகை மாட்டுகிற நிர்வாகம், பாதிப் பயத்தைத் தன் கையாலேயே உண்டாக்கிவிடுகிறது.

ஆனால் நண்பர்களே, பயம் நியாயமானது என்பதாலேயே, அது காட்டுகிற வழியும் நியாயமாகிவிடுமா? 'எங்கள் தெருவில் வேண்டாம், வேறெங்காவது வையுங்கள்' என்கிறது பயம். வேறெங்கே?

எத்தனை காப்பகம் வேண்டும் என்று முதலில் கணக்குப் பார்ப்போம். 2009 டிசம்பரில், டெல்லியின் கடுங்குளிரில், பூசா சாலையில் இருந்த ஓர் இரவுக் காப்பகத்தை அந்த மாநகராட்சியே இடித்துத் தள்ளியது. வெட்டவெளியில் விடப்பட்டவர்களின் நிலையை, உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் நியமித்திருந்த ஆணையர்கள் என்.சி. சக்சேனாவும் ஹர்ஷ் மந்தரும் 2010 ஜனவரியில் நீதிமன்றத்துக்கு எழுதினார்கள். அந்தக் கடிதத்திலிருந்து கிளம்பிய உத்தரவுகள் பிறகு நாடு முழுமைக்கும் விரிந்தன. பெருநகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் வேண்டும். அது வருடம் முழுவதும், இருபத்துநான்கு மணி நேரமும் திறந்திருக்க வேண்டும். 2013-ல் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதையே திட்டமாக எடுத்துக்கொண்டது. ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் என்று அளவும் சொன்னது.

விரிவாக்கப்பட்ட சென்னையின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பிலேயே 66 லட்சத்தைத் தாண்டிவிட்டது. ஆக, குறைந்தது 66 காப்பகங்கள். சென்னையில் 200 வார்டுகள். மூன்று வார்டுக்கு ஒன்று! எந்த மூன்று வார்டை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் குடும்பம் இல்லாத தெரு எது? பெண்பிள்ளை நடக்காத சாலை எது? வயதானவர்கள் வாழாத வீதி எது? எல்லாக் காப்பகத்தையும் கொண்டுபோய் ஊருக்கு வெளியே வைத்துவிடலாம் என்கிறீர்களா? கோயம்பேட்டில் நள்ளிரவில் லாரி வந்து நிற்கிறது. அதிலிருந்து மூட்டை இறக்குகிறவர் ஊருக்கு வெளியே படூரில் படுத்திருந்தால் வேலைக்கு எப்படி வருவார்? வேலை நடக்கிற இடத்துக்குப் பக்கத்தில்தான் காப்பகம் இருக்க வேண்டும் என்று அந்தத் திட்டத்தின் விதிகள் சொன்னது இதனால்தான். தூரத்தில் கட்டினால் கட்டடம் காலியாக இருக்கும். ஆட்கள் மறுபடி உங்கள் கடைத்தெரு நடைபாதையில் இருப்பார்கள்.

ஒன்றை நாம் மறந்துவிடுகிறோம். அவர்கள் எங்கிருந்தோ புதிதாக வரப்போகிறவர்கள் இல்லை. வால்டாக்ஸ் சாலையிலும் என்.எஸ்.சி. போஸ் சாலையிலும் தலைமுறை தலைமுறையாக நடைபாதையில் வாழும் குடும்பங்கள் இருக்கின்றன. அங்கே பிறந்து, அங்கே வயதுக்கு வந்து, அங்கேயே தாலி கட்டிக்கொண்ட பெண்கள் இருக்கிறார்கள். இரவு பதினொரு மணிக்கு மேல் அந்தப் பக்கம் போய்ப் பாருங்கள். சேலைத் தலைப்பின் ஒரு முனையைக் குழந்தையின் இடுப்பில் முடிந்து, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு படுத்திருப்பாள் ஒரு தாய். குழந்தையை யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயம் அவளுக்கு. டியூஷன் முடிந்து வரும் மகளுக்காக வாசலில் நிற்கும் தாயின் பயமும், இந்தத் தாயின் பயமும் வேறு வேறா? இவளுக்குச் சாத்துவதற்கு ஒரு கதவு இல்லை. குடித்துவிட்டு ஓட்டுகிறவனின் கார் ஏறுவதும் இவள் படுத்திருக்கும் நடைபாதையில்தான். பாதுகாப்பு, பாதுகாப்பு என்று நாம் பேசும்போது, இந்த ஊரில் மிகக் குறைந்த பாதுகாப்போடு தூங்குகிறவள் இவள் என்பதையும் சேர்த்துத்தானே பேச வேண்டும்?

'உருக்கமாகப் பேசிவிட்டீர்கள் ஐயா, குற்றம் கூடுமா கூடாதா, அதைச் சொல்லுங்கள்' என்று உங்களில் சிலர் நினைப்பது எனக்குத் தெரிகிறது. சொல்கிறேன். எனக்கு வசதியானதை மட்டும் சொல்லிவிட்டுப் போக மாட்டேன்.

கனடாவின் வான்கூவர் நகரில், குளிர்காலத்துக்கு மட்டும் திறந்து பிறகு மூடிவிடுகிற அவசரக் காப்பகங்கள் உண்டு. திறந்திருந்த காலத்தையும் மூடியிருந்த காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், காப்பகத்தால் வரும் விளைவு தனியாகத் தெரிந்துவிடும் அல்லவா? அப்படிப் பார்த்த ஓர் ஆய்வு 2018-ல் வெளிவந்தது. காப்பகம் திறந்திருந்தபோது, அதைச் சுற்றி 100 மீட்டருக்குள் சொத்துக் குற்றங்கள் 56 விழுக்காடு கூடியிருந்தன. பெரும்பாலும் நிறுத்தியிருக்கும் வண்டிகளிலிருந்து பொருளை எடுப்பது, சிறு திருட்டு, உடைத்துச் சேதப்படுத்துவது. அதே 100 மீட்டருக்குள் கடைகளின் பூட்டை உடைத்துப் புகும் திருட்டு 34 விழுக்காடு குறைந்திருந்தது. 400 மீட்டரைத் தாண்டினால் விளைவே மங்கிப் போனது.

அந்த நாட்டு எண்ணை அப்படியே தூக்கிவந்து நம் தெருவில் பொருத்த முடியாது. அங்குள்ள போதைப் பழக்கம் வேறு, வாழ்க்கை வேறு. ஆனாலும் அந்த எண்ணில் நமக்கு ஒரு செய்தி இருக்கிறது. பயப்படுகிறவர்கள் கற்பனை செய்யவில்லை, கூடியது உண்மை. எங்கே கூடியது? ஊர் முழுவதுமா? வட்டாரம் முழுவதுமா? அந்த 56 விழுக்காடு 100 மீட்டருக்குள், 400 மீட்டரைத் தாண்டினால் இல்லை! 100 மீட்டர் என்பது விளக்குப் போட்டுவிடக்கூடிய தூரம். ஒரு காவலர் இரவில் நான்கு முறை நடந்து சுற்றிவிடக்கூடிய தூரம். இவ்வளவு சிறிய வட்டத்துக்குள் அடங்குகிற ஆபத்தைக் கட்டுப்படுத்த முடியாது என்று ஒரு நிர்வாகம் சொன்னால், அதை நாம் ஏன் ஏற்றுக்கொள்ள வேண்டும்?

இங்கேதான் என் கருத்தை வைக்கிறேன். ஒரு காப்பகம் அக்கம்பக்கத்துக்குத் தொல்லையாகிறதா, துணையாகிறதா என்பதை அது இருக்கும் தெரு தீர்மானிப்பதில்லை. அதை நடத்துகிற விதம் தீர்மானிக்கிறது. மோசமாக நடத்தப்படும் காப்பகம் எந்தத் தெருவில் இருந்தாலும் ஆபத்துதான், முதல் ஆபத்து உள்ளே இருப்பவர்களுக்கே. 'இங்கே வேண்டாம்' என்று மட்டும் சொல்லி ஒரு சங்கம் ஜெயித்தால், அந்த மோசமான நிர்வாகம் அப்படியே அடுத்த தெருவுக்குக் குடிபோகிறது. திருத்த வேண்டியதை யாரும் திருத்தவில்லை.

அப்படித்தான் நடந்தது நியூயார்க்கில். தங்க இடம் கேட்கிறவருக்கு இடம் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டப்படி ஒப்புக்கொண்ட நகரம் அது. ராபர்ட் ஹேய்ஸ் என்ற இளம் வழக்கறிஞர் 1979-ல் வீடற்ற மனிதர்களுக்காக வழக்குத் தொடுத்தார்; 1981-ல் நகரம் அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. வழக்கின் முதல் மனுதாரர் ராபர்ட் கேலஹன் அதைப் பார்க்கவில்லை. கையெழுத்தாவதற்கு முன்பே அவர் தெருவில் இறந்துபோனார்.

அந்த நியூயார்க்கில், கொரோனா காலத்தில், பெரிய காப்பகங்களில் நெருக்கியடித்துப் படுத்திருந்தவர்களை ஆளில்லாமல் கிடந்த ஓட்டல்களுக்கு மாற்றினார்கள். 2020 ஜூலையில், அப்பர் வெஸ்ட் சைடு பகுதியில் இருக்கும் லூசர்ன் என்ற ஓட்டலுக்கு ஏறக்குறைய 280 ஆண்கள் வந்து சேர்ந்தார்கள். படித்தவர்களும் வசதியானவர்களும் வாழும் வட்டாரம். தெருவிலேயே சிறுநீர் கழிக்கிறார்கள், பட்டப்பகலில் போதை ஊசி போடுகிறார்கள் என்று புகார்கள் கிளம்பின. ஒரு பிரிவினர் பணம் திரட்டிப் பெரிய வழக்கறிஞரை அமர்த்தினார்கள். செப்டம்பரில் மேயர் இறங்கிவந்து, அவர்களை இடம் மாற்றுகிறோம் என்றார். எங்கே? மன்ஹாட்டனின் தென்கோடியில் உள்ள இன்னொரு ஓட்டலுக்கு. அந்த வட்டாரத்துக்காரர்கள் சும்மா இருப்பார்களா? அவர்களும் நீதிமன்றம் போனார்கள். ஓட்டலில் இருந்த சிலரோ, எங்களை மறுபடியும் மூட்டை கட்ட வைக்காதீர்கள் என்று தாங்களும் நீதிமன்றம் போனார்கள். 2021 வரை இழுத்தது வழக்கு. ஒரு தெருவின் வெற்றி இன்னொரு தெருவின் வழக்காயிற்று.

அதே வட்டாரத்தில் இன்னொரு குழுவும் கிளம்பியது. ஓபன் ஹார்ட்ஸ் என்று பெயர். அவர்களும் அந்தத் தெருவாசிகள்தான். அவர்களுக்கும் பிள்ளைகள் உண்டு. வந்தவர்களைப் பெயர் கேட்டுப் பேசினார்கள், உடைகள் சேர்த்துக் கொடுத்தார்கள், அவர்களுக்காகத் தெருவில் நின்றார்கள். பகலெல்லாம் செய்வதற்கு எதுவுமின்றி ஓட்டல் வாசலில் நிற்பவர்களைப் பார்த்துத்தான் முதலில் பயம் வந்தது. பகலில் போக ஓர் இடமும் செய்ய ஒரு வேலையும் கொடுத்தால் வாசலில் யார் நிற்கப் போகிறார்கள்?

கடல் தாண்டிப் போய்வந்தோம். நம் ஊருக்கு வருவோம், அதுவும் புகார் நகரத்துக்கு. மணிமேகலையைப் படித்தவர்களுக்கு உலக அறவி நினைவிருக்கும். திக்கற்றவர்களும் நோயாளிகளும் அடைந்து கிடந்த ஊர் அம்பலம். அமுதசுரபியோடு அங்கே போய்ச் சோறிட்டாள் மணிமேகலை. அந்த அம்பலத்தில் ஒரு கொலை நடந்ததே, நினைவிருக்கிறதா? கொல்லப்பட்டவன் யார்? சோழ இளவரசன் உதயகுமாரன். கொன்றவன் யார்? காஞ்சனன் என்ற விஞ்சையன். காஞ்சனனின் மனைவி காயசண்டிகையின் வடிவில் இருந்த மணிமேகலையைத் தேடி நள்ளிரவில் வந்தான் இளவரசன். அவளைத் தன் மனைவி என்றே நம்பி, மறைந்திருந்து வாளை வீசினான் காஞ்சனன். வெட்டியவன் அந்த அம்பலத்தில் தங்கியிருந்தவன் இல்லை. வெட்டுப்பட்டவனும் அங்கே ஒதுங்கியவன் இல்லை. இருவருமே வெளியிலிருந்து வந்தவர்கள். கடைசியில் காவலில் வைக்கப்பட்டவள் யார்? சோறு போட்டவள்!

இந்தக் கதையை நான் அலங்காரத்துக்காகச் சொல்லவில்லை. காப்பகத்துக்குள் இருக்கிற பெண்ணை ஒருவன் பின்தொடர்ந்து வருவது, வெளியே சுற்றுகிற கஞ்சா வியாபாரி உள்ளே இருக்கிற பையன்களைக் குறிவைப்பது, இவையெல்லாம் காப்பகம் நடத்துகிறவர்கள் இன்றும் தினம் பார்க்கும் ஆபத்துகள். காப்பக வாசலில் காவல் வேண்டும் என்று நீங்கள் கேட்கிறீர்கள். உள்ளே இருக்கும் பெண்ணும் அதையேதான் கேட்கிறாள். நீங்களும் அவளும் ஒரே மனுவில் கையெழுத்துப் போடலாம்.

யார் அங்கே தங்குகிறார்கள் என்று தெரியாததால் வரும் பயம்தான் பெரும்பயம். வடசென்னையில் ஆண்களுக்கான ஒரு காப்பகத்துக்கு ஒரு மாலை போயிருந்தேன். வாசலில் மரமேஜை, அதன்மேல் நீளமான பதிவேடு. பெயர், சொந்த ஊர், வயது, தொழில், உள்ளே வந்த நேரம், கையெழுத்து. எழுதத் தெரியாதவர்களுக்கு மைப்பெட்டி. தொழில் என்ற கட்டத்தை மேலிருந்து கீழே படித்துக்கொண்டு போனேன். சுமை தூக்குதல். சுமை தூக்குதல். கேட்டரிங். பழைய பேப்பர். கேட்டரிங். வாட்ச்மேன். மீன்பாடி வண்டி. மறுபடியும் வாட்ச்மேன். அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் பகல் காவல் பார்ப்பவர் அவர். சீருடையைச் சுவரில் ஆணியில் மாட்டி, மடிப்புக் கலையாமல் இருக்க அதன்மேல் செய்தித்தாளைப் போர்த்தியிருந்தார். அந்தக் குடியிருப்பின் சாவிக்கொத்து பகலெல்லாம் அவர் இடுப்பில் இருக்கிறது. கேட்டரிங் என்று எழுதியிருந்தவர்கள் கல்யாண மண்டபங்களில் பரிமாறுகிறவர்கள், இலை எடுக்கிறவர்கள். நம் வீட்டுக் கல்யாணத்தில் சாம்பார் வாளியோடு நம் இலைமுன் குனிந்தவர்கள். அன்றைக்கு நமக்குப் பயமாக இருந்ததா?

எல்லோரும் நல்லவர்கள் என்று நான் சொல்லவில்லை. ஐம்பது பேர் இருக்கும் இடத்தில் குடிக்கிறவர் இருப்பார், சண்டை போடுகிறவர் இருப்பார். நம் அடுக்குமாடியிலும் இருக்கிறார்கள். மனநலம் குன்றி அலைகிறவர்களும் இருப்பார்கள். அவர்களைக் கண்டால் கல்லை எடுக்கிறோம் அல்லது கதவைச் சாத்துகிறோம். 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி அலைகிறவரைப் பாதுகாப்பில் எடுத்துக்கொண்டு 24 மணி நேரத்துக்குள் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசேர்க்கும் கடமையைக் காவல்துறைக்குக் கொடுத்திருக்கிறது. அந்தக் கடமையைச் செய்யச் சொல்லிக் கேட்கும் உரிமை உங்களுக்கு உண்டு. 1993-ல் சென்னையில் இரண்டு இளம்பெண்கள், வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும், மனநோயோடு தெருவில் கிடந்த பெண்களுக்காக பானியன் அமைப்பைத் தொடங்கினார்கள். வருடக்கணக்கில் விடுதியில் கிடந்த பெண்களை இன்று அவர்கள் நான்கைந்து பேராகச் சேர்த்து, உதவிக்கு ஆள் வைத்து, சாதாரணத் தெருக்களில் வாடகை வீடு எடுத்துக் குடிவைக்கிறார்கள். அந்தப் பெண்கள் கடைக்குப் போகிறார்கள், கோலம் போடுகிறார்கள், பக்கத்து வீட்டாரோடு தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கிறார்கள். ஒருநாளும் நடக்காது என்று சொல்லப்பட்டது, நம் ஊரிலேயே நடந்துகொண்டிருக்கிறது.

ஆகவே நீங்கள் கேளுங்கள். பயந்து ஒதுங்காதீர்கள், உரத்துக் கேளுங்கள்! காப்பகம் வருவதற்கு முன் எங்களைக் கூப்பிட்டுப் பேசினீர்களா என்று கேளுங்கள். இரவு முழுவதும் விழித்திருக்கும் பொறுப்பாளர் யார், அவருக்கு மாதச் சம்பளம் மாதாமாதம் போய்ச் சேருகிறதா என்று கேளுங்கள். சம்பளம் நிலுவையில் இருக்கும் காவலாளியின் கண் எத்தனை மணிவரை விழித்திருக்கும்? இத்தனை பேருக்கு எத்தனை கழிப்பறை, அதில் தண்ணீர் வருகிறதா என்று கேளுங்கள். உள்ளே தண்ணீர் வராதபோதுதான் உங்கள் மதில் சுவர் நனைகிறது. தெருவிளக்கு எரிகிறதா, ரோந்து வருகிறதா, அவசரத்துக்கு எந்த எண்ணில் யார் எடுப்பார்கள் என்று கேளுங்கள். மாநகராட்சியின் 1913 புகார் எண்ணுக்கு அடித்துப் பதிவெண் வாங்கிப் பின்தொடருங்கள். ஐம்பது பேருக்கான இடத்தில் நூறு பேரை அடைக்காதே என்று கேளுங்கள். அது உங்களுக்காகவும் கேட்கிற கேள்வி, அவர்களுக்காகவும் கேட்கிற கேள்வி.

கேட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடாதீர்கள். காப்பகத்தைக் கண்காணிக்கும் குழுவில் எங்கள் தெருவிலிருந்து இரண்டு பேர், காப்பகத்திலிருந்து இரண்டு பேர், மாதம் ஒருமுறை உட்காருவோம் என்று சொல்லுங்கள். இரு தரப்பிலும் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். புகார் இருந்தால் அங்கே முகத்துக்கு நேரே பேசிக்கொள்ளலாம். பெயர் தெரிந்த மனிதரிடம் பயம் குறைகிறது. பெயர் தெரிந்த மனிதருக்கு அந்தத் தெருமேல் பொறுப்பும் வருகிறது.

2022-லிருந்து நம் வார்டுகளில் பகுதி சபைக் கூட்டங்கள் நடக்கின்றன. சாக்கடை, குப்பை, கொசு என்று பேசிவிட்டுக் கலைந்துபோகிறோம். அடுத்த கூட்டத்தில் இதைப் பொருளாக வையுங்கள். காப்பகம் வேண்டாம் என்று ஒருவரித் தீர்மானம் போடுவது எளிது. எந்த நிபந்தனைகளோடு, எத்தனை பேருக்கு, யார் பொறுப்பில் எங்கள் வார்டில் காப்பகம் நடக்க வேண்டும் என்று முழுப்பக்கத் தீர்மானம் எழுதுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் எழுதுங்கள். மழை வந்தபின், முழங்கால் தண்ணீரில் பாயைச் சுருட்டிக்கொண்டு நிற்கும் குடும்பத்தை அவசர அவசரமாக எங்கோ ஒரு கூடத்தில் திணிக்கும்போது, நிபந்தனையும் இருக்காது, கண்காணிப்பும் இருக்காது.

அந்தத் தீர்மானத்தின் முதல் வரைவை இந்த மன்றத்திலேயே எழுதத் தொடங்கலாம் என்று அவைத்தலைவர் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். காகிதமும் பேனாவும் முன்வரிசை மேஜையில் இருக்கின்றன. எனக்கு மாறான கருத்துள்ளவர்கள் முதலில் வந்து எழுதுங்கள். உங்கள் நிபந்தனைகள்தான் அதற்குப் பலம்.